நின்ற வண்டியில் குடிபுகும் எலிகள்

பெங்களூரின் விவேக் நகரில், குழந்தை இயேசு ஆலயத்தைச் சுற்றிப் பிரிந்து செல்லும் குறுகலான வீதிகளில், வீட்டுக்குள் வண்டி நிறுத்த இடமில்லாதவர்கள் தங்கள் கார்களை இரவு நேரத்தில் மழைநீர்க் கால்வாயின் மேல் பாவிய பலகைகளை ஒட்டி, சில சமயம் இரண்டு சக்கரங்களை அந்தப் பலகைகளின் மேலேயே ஏற்றி, வரிசையாக நிறுத்தி வைப்பது வழக்கம். வியாழக்கிழமை நவநாள் வழிபாட்டுக்குத் திரளும் பெருங்கூட்டம் கலைந்து, தள்ளுவண்டிக் கடைகளும் ஒவ்வொன்றாகப் புறப்பட்டுப் போய், தெரு அடங்கிய பிறகு, அந்தப் பலகைகளின் இடுக்குகளிலிருந்து வெளிப்படும் ஒரு சிறு பிராணி, அருகில் நிற்கும் வண்டியின் சக்கரத்தைப் பற்றி மேலேறி, யந்திரத்தில் மிஞ்சியிருக்கும் சூட்டில் இரவைக் கழித்துவிட்டு, விடியுமுன் வந்த வழியே இறங்கிச் சென்றுவிடுகிறது. அது வந்து போனதை வண்டிக்காரர் அறிவது காலையில் சாவியைத் திருப்பும்போதுதான். அதுவரை எரியாத எச்சரிக்கை விளக்குகள் எரிகின்றன, அல்லது வண்டி உயிர் பெறவே மறுக்கிறது.

பானட்டைத் தூக்கிப் பார்க்கும் மெக்கானிக்குக்கு விஷயம் விளங்க வெகுநேரம் ஆவதில்லை. ஒரு வயர்க்கற்றையின் மேலுறை உரிந்து, உள்ளேயிருந்து மஞ்சளும் பச்சையுமாய்ச் சில வயர்கள் துருத்தி நிற்க, அவற்றில் ஒன்றிரண்டின் செப்புக் கம்பிகள் புதுக் காசைப் போல மின்னுகின்றன. பாட்டரியைத் தாங்கும் தட்டின் ஓரத்தில், பானட்டின் உட்புறத்திலிருந்து கடித்தெடுத்த பஞ்சும் நைந்த துணிநூலும் ஒரு குவியலாகக் கிடக்க, அதன் நடுவே கடலைத் தோலும் ஒரு கோழி எலும்பும் கிடக்கின்றன. "எலி வேலைதான், சார்" என்று அவர் சொல்லும் தீர்ப்பில் பிழை இராது. ஆனால் அடுத்தபடியாக அவரும் அக்கம்பக்கத்தாரும் சொல்லும் பரிகாரங்களில் பெரும்பாலானவை, எலியின் சுபாவத்தை நன்கு ஆராய்ந்தவர்களின் முடிவுகளோடு பொருந்துவதில்லை. ஒரு கோடிக்கு மேற்பட்ட வாகனங்கள் பதிவாகியுள்ள இந்நகரத்தில் இவ்விஷயத்தைச் சற்று நிதானமாக ஆராய்வது வீண் வேலையன்று.

முதலில், குற்றவாளி யார் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் ஊர்களில் கார்களுக்குள் புகும் கொறிப்பிராணிகள் முக்கியமாக மூன்று வகை. சுண்டெலி என்னும் சிறு ஜாதி ஒன்று. கூரைகளிலும் மரங்களிலும் மின்கம்பிகளிலும் அநாயாசமாக ஏறித் திரிவதும், உடலைவிட நீண்ட வாலையுடையதுமான வீட்டெலி மற்றொன்று. மண்ணைத் தோண்டி வளை அமைத்து, சாக்கடை ஓரங்களிலும் குப்பைமேடுகளிலும் வாழ்கின்ற பெருச்சாளி இனம் மூன்றாவது. கன்னடர்கள் 'ஹெக்கண' என்று சொல்வது இதைத்தான். இவை விட்டுச் செல்லும் எச்சத்தைக் கொண்டே இவற்றை ஓரளவு பிரித்தறியலாம்: சுண்டெலியின் எச்சம் அரிசியைவிடச் சிறியதாய், கூர்மையான முனைகளுடன் இருக்கும், வீட்டெலியினுடையது ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீளத்தில், சிறிது வளைந்திருக்கும், பெருச்சாளியினுடையது இன்னும் பருமனாயிருக்கும். நீண்ட மூக்கும் துர்நாற்றமும் கொண்ட மூஞ்சூறு உருவத்தில் எலியை ஒத்திருந்தாலும், அது எலியின் குலத்தைச் சேர்ந்ததன்று. பூச்சிகளைத் தின்று வாழும் அப்பிராணிக்கு வயரைக் கொறிப்பதற்கான பற்களே இல்லை. ஆதலால் கார் ஷெட்டில் மூஞ்சூறு ஓடக் கண்டு அதன்மேல் பழி சுமத்துவது அநியாயம்.

கொறிப்பிராணிகளின் பெருமையும் நமது தொல்லையும் அவற்றின் முன்பற்கள் நான்கில் அடங்கியிருக்கின்றன. மேலே இரண்டும் கீழே இரண்டுமாக அமைந்த அப்பற்களுக்கு வேர் மூடுவதே இல்லை. ஆயுள் உள்ளவரை அவை வளர்ந்துகொண்டே இருக்கின்றன. எலியின் பல் தேயாமல் வளருமானால் ஆண்டொன்றுக்குப் பத்து சென்டிமீட்டருக்கு மேல் நீளும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பல்லின் முன்புறத்தை மட்டும் கெட்டியான எனாமல் போர்த்தியிருக்கிறது; பின்புறம் மென்மையான தந்தினியாலானது. கொறிக்கும்போது பின்புறம் விரைவாகவும் முன்புறம் மெதுவாகவும் தேய்வதால், தச்சன் அடிக்கடி தீட்டிவைத்த உளியைப் போல அதன் முனை எந்நேரமும் கூராகவே இருக்கிறது. எனாமலில் இரும்பு கலந்திருப்பதால் பற்களுக்கு ஒரு மஞ்சள் நிறமும் கூடுதல் வலிமையும் உண்டாகின்றன. பொருள்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை அளவிடும் மோஸ் அளவுகோலில் செம்பு ஏறத்தாழ மூன்றாம் படியிலும், சாதாரண இரும்பு நான்காம் படியிலும் நிற்க, எலியின் எனாமல் ஐந்தைத் தாண்டி நிற்கிறது. அலுமினியத் தகட்டையும் ஈயக் குழாயையும் கடித்துத் துளைக்கும் ஒரு ஜீவனுக்கு, ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள பிளாஸ்டிக் உறை எம்மாத்திரம்!

எலி வயரைக் கடிப்பது பசியினால் என்று நினைப்பது சரியன்று. அதன் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே ஒரு பெரிய வெற்றிடம் உண்டு; கொறிக்கும்போது இரு பக்கத்துக் கன்னத் தோலும் உள்வாங்கி அவ்விடத்தை அடைத்துக்கொள்வதால், கடித்த துகள்கள் தொண்டைக்குள் போகாமல் வெளியிலேயே உதிர்ந்துவிடுகின்றன. அறுந்த வயருக்குக் கீழே உறையின் துணுக்குகள் சிதறிக் கிடப்பதன் காரணம் இதுதான். பாதையை அடைத்து நிற்கும் எதையும் கடித்துப் பார்ப்பது, பல்லைத் தேய்த்துக்கொள்வது, கூடு கட்ட மென்மையான பொருளைச் சேர்ப்பது ஆகிய மூன்று நோக்கங்களே கொறித்தலுக்கு முக்கிய ஹேது. அண்மைக் காலத்தில் சில நிறுவனங்கள் சோயாவிலிருந்து பெற்ற பொருள்களை வயர் உறையில் சேர்ப்பதால்தான் எலிகள் அவற்றை நாடுகின்றன என்று கருதி, அமெரிக்காவில் கார் உரிமையாளர்கள் சிலர் நீதிமன்றம் வரை சென்றார்கள்; உற்பத்தியாளர்கள் அதை மறுத்தார்கள். சோயா உறை தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே எலிகள் மின்சார வயர்களையும், ஈய உறையிட்ட தொலைபேசிக் கேபிள்களையும் கடித்து வந்திருக்கின்றன என்பதை எண்ணும்போது, உறையின் ருசி இத்தொல்லைக்கு மூலகாரணம் என்று சொல்வதற்கு இடமில்லை.

அப்படியானால் கார் எலிக்கு ஏன் பிடித்துப் போகிறது? மூன்று சௌகரியங்களை அது ஒருங்கே தருகிறது. முதலாவது உஷ்ணம். எலியின் உடல், கூடுதல் சக்தியைச் செலவிடாமல் தன் வெப்பத்தைக் காத்துக்கொள்ள உகந்த சூழல் ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸ். கடல் மட்டத்திற்கு மேல் 900 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் உள்ள பெங்களூரிலோ மார்கழி, தை மாதத்து இரவுகளில் வெப்பம் 15, 16 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. மாலையில் அலுவலகத்திலிருந்து திரும்பிய வண்டியின் யந்திரம் மணிக்கணக்கில் கதகதப்பை விட்டுக்கொண்டிருக்கும். இரண்டாவது மறைவு. எலிக்குக் கண்பார்வை சுமாரானது. மீசை மயிர்களாலும் உடலின் இருபுறத்து உரோமங்களாலும் தடவித் தடவியே உலகை அறிகிற அது, உடம்பு எதிலாவது உராயும்படியான இடுக்குகளிலேதான் அச்சமின்றி இருக்கும். குழாய்களும் வயர்களும் பின்னிக் கிடக்கும் யந்திர அறையைவிட இதற்குத் தகுந்த இடம் வேறில்லை. மூன்றாவது ஈரமின்மை. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பெங்களூரில் கொட்டும் மழையில் கால்வாய்கள் நிறைந்து வளைகளுக்குள் நீர் புகும்போது, பெருச்சாளியும் எலியும் மேட்டை நாடி ஓடுகின்றன. நின்ற இடத்திலேயே கூரையோடு கூடிய உலர்ந்த வீடு ஒன்று காத்திருக்கிறது. இவற்றோடு, பின்னிருக்கையில் குழந்தைகள் சிந்திய பிஸ்கட்டும் முறுக்குத் துண்டும் சேர்ந்துவிட்டால் விருந்துக்குக் குறைவில்லை.

வண்டி அசையாமல் நிற்கும் காலம் நீள நீள ஆபத்தும் வளர்கிறது. 2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது வாரக்கணக்கில் நின்றுபோன கார்களில் எலிகள் கூடு கட்டிக் குட்டியும் ஈன்றிருந்ததை நாட்டின் பல நகரங்களிலும் மெக்கானிக்குகள் கண்டார்கள். எலியின் கர்ப்பகாலம் மூன்று வாரம்தான். பிறந்த குட்டி சில மாதங்களுக்குள் தானே தாயாகிவிடுகிறது. ஆதலால் வெளியூர் சென்றவர் ஒரு மாதம் கழித்துத் திரும்புமுன் வண்டிக்குள் ஒரு தலைமுறை தோன்றிவிட முடியும்.

உள்ளே நுழையும் வழியைப் பார்ப்போம். சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும். இளம் எலிக்கு 12 மில்லிமீட்டர் போதும். தலை நுழைந்தால் உடலும் நுழையும் என்பது இப்பிராணிகளின் உடலமைப்பு. மார்புக் கூடும் தோளும் நெகிழ்ந்து கொடுக்கின்றன, மண்டையோடு மட்டுமே நெகிழாதது. யந்திர அறையின் அடிப்புறம் பெரும்பாலும் திறந்தே கிடப்பதால், சக்கரத்திலிருந்து சஸ்பென்ஷன் தண்டின் வழியாக அங்கே ஏறுவது எலிக்கு அரை நிமிஷ வேலை. அங்கிருந்து, முன்கண்ணாடியின் அடியில் வெளிக்காற்றை உறிஞ்சும் வாய் வழியாக ஏ.சி. பில்டர் உள்ள அறைக்குச் சென்று, காகித பில்டரைக் கிழித்து மெத்தையாக்கிக்கொள்கிறது. அதைத் தாண்டினால் இருக்கைகள் உள்ள பகுதி. ஏ.சி.யைப் போட்டதும் எழும் ஒருவிதப் புளித்த நாற்றம் பல சமயம் இக்குடியிருப்பின் முதல் அறிகுறி.

விளையும் நஷ்டம் முந்தைய காலத்தைவிட இன்று பெரிதாயிருப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு தலைமுறைக்கு முன் காரில் இருந்த வயர்கள் விளக்குக்கும் ஹாரனுக்கும் பற்றவைப்புக்குமாகச் சிலவே. அறுந்ததை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றினால் வண்டி ஓடும். இன்றைய காரிலோ யந்திரத்தின் சுழற்சி, புகையிலுள்ள பிராணவாயு, ஒவ்வொரு சக்கரத்தின் வேகம் என அனைத்தையும் உணர்கருவிகள் அளந்து பல கணினிகளுக்குத் தெரிவிக்கின்றன. அக்கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது, ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986-ல் வெளியிட்ட ஒரு முறையின்படி, முறுக்கிய இரண்டே கம்பிகளின் வழியாக. அவற்றில் எலியின் பல் பட்டால் ஒரு கருவி மட்டுமன்றி, ஒன்றோடொன்று தொடர்புடைய பல கருவிகள் ஒரே சமயத்தில் பேதலித்து நிற்கின்றன. சில வண்டிகளில் ஒரு வயருக்காகக் கற்றை முழுவதையும் மாற்ற நேரிடுகிறது. பெட்ரோல் செல்லும் ரப்பர் குழாயைக் கடித்துவிட்டாலோ, அது பணநஷ்டத்தோடு நிற்காமல் தீ விபத்திலும் முடியக்கூடும். காலையில் வண்டியருகே பெட்ரோல் நெடி அடிக்குமானால், சாவியைத் தொடாமல் மெக்கானிக்கை வரவழைப்பதே விவேகம்.

இனி, பரிகாரங்கள் என்று வழங்குபவற்றை எடுத்துக்கொள்வோம். புகையிலைக் கட்டைப் பானட்டுக்குள் தொங்கவிடுவது, பாச்சை உருண்டைகளைத் துணியில் முடிந்து வைப்பது, புதினா எண்ணெய் தெளிப்பது, பினாயில் ஊற்றுவது ஆகியவை எங்கும் கேட்கக்கூடிய யோசனைகள். புதிய வாசனை எதுவும் எலியைச் சில நாள் தயங்க வைக்கும் என்பது மெய். புதியவற்றைக் கண்டு அஞ்சுவது எலியின் பிறவிக் குணம். ஆனால் அவ்வாசனையால் தனக்குத் தீங்கில்லை என்று கண்டுகொண்டதும் அது பழகிவிடுகிறது. அடிப்புறம் திறந்து கிடக்கும் யந்திர அறையில் வாசனையும் சீக்கிரமே கலைந்துவிடுகிறது. பாச்சை உருண்டையின் ஆவி காற்றுவாய் வழியாக உள்ளே புகுந்து, வண்டியில் இருப்பவர்களை எட்டுகிறது. உடலில் ஒருவகை என்சைம் குறைவோடு பிறந்த குழந்தைகளுக்கு அது இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் நஞ்சாகும். உலர்ந்த புகையிலை, கொதிக்கும் புகைக்குழாயின் மேல் விழுந்தால் தீப்பற்றும் அபாயமும் இருக்கிறது.

மனிதக் காதுக்கு எட்டாத ஒலியை எழுப்பி எலியை ஓட்டுவதாகச் சொல்லும் சிறு கருவிகளும் கடைகளில் ஏராளமாகக் கிடைக்கின்றன. எலிக்கு அவ்வொலி கேட்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அவ்வகை ஒலி காற்றில் விரைவாக வலுவிழப்பதோடு, குறுக்கே நிற்கும் திடப்பொருளைத் தாண்டுவதுமில்லை. பாட்டரிக்குப் பின்னால் படுத்திருக்கும் எலிக்கு அந்தப் பாட்டரியே மதிற்சுவராகிறது. 2001-ல் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் இத்தகைய கருவிகளை ஆக்குவோரும் விற்போருமாக அறுபதுக்கு மேற்பட்டவர்களுக்கு, விஞ்ஞான ஆதாரமின்றி விளம்பரம் செய்யலாகாது என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. பூனையை நம்புவோரும் உளர். நியூயார்க் நகரின் புரூக்ளினில் ஒரு குப்பைக் கிடங்கில் காமிராக்களை வைத்து ஆராய்ந்தவர்கள் 2018-ல் வெளியிட்ட முடிவின்படி, 79 நாள்களில் அங்கிருந்த தெருப்பூனைகள் கொன்ற பெரிய எலிகள் இரண்டே இரண்டு. பூனையைக் கண்டால் எலிகள் ஒளிந்துகொள்கின்றன, அவ்வளவுதான். அவை ஒளிந்துகொள்ளும் இடம் காராகவே இருக்குமானால் என்ன பிரயோஜனம்?

இவ்வரிசையில் ஓரளவு மதிக்கத்தக்கது மிளகாயின் காரம் ஒன்றே. காரத்துக்குக் காரணமான கேப்சைசின் என்னும் பொருள், பாலூட்டிகளின் நரம்பில் சுடுவெப்பத்தை உணரும் வாயில் ஒன்றைத் திறந்து, எரிகிற உணர்ச்சியை உண்டாக்குகிறது. இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021-ல் மருத்துவத்துக்கான நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பறவைகளிடம் அவ்வாயில் கேப்சைசினுக்குத் திறப்பதில்லையாதலால் கிளி மிளகாய்ப்பழத்தை ரசித்துத் தின்ன, எலி விலகிச் செல்கிறது. இப்பொருளைப் பூசிய ஒட்டுநாடாவை ஜப்பானியக் கார் நிறுவனம் ஒன்று வயர்களில் சுற்றுவதற்காகவே விற்கிறது. இதன் சிறப்பு, வாசனையால் பயமுறுத்தாமல் கடித்த வாயிலேயே வேதனை தருவது. இதன் குறை, சுற்றிய வயரை மட்டுமே இது காக்கும் என்பது.

விஷம் வைப்பதில் இரட்டைத் தீமை உண்டு. இன்று பரவலாக விற்கும் எலி மருந்துகள் இரத்தம் உறைவதைத் தடுத்து, நாலைந்து நாளுக்குப் பிறகே கொல்லும் தன்மையுடையவை. அந்த இடைவெளியில் தளர்ந்த எலி காருக்குள்ளேயே ஒரு மூலையில் ஒடுங்கி மாண்டுபோனால், அதன் துர்நாற்றத்தை அகற்றுவதற்கு டாஷ்போர்டையே கழற்ற வேண்டியிருக்கும். செத்த எலியைத் தின்னும் கூகையும் நாயும் அவ்விஷத்துக்கு இரையாகின்றன. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசையோ மனிதரின் கல்லீரலை அழிப்பது. அதற்கு மாற்று மருந்தும் இல்லை. அதனால் நேர்ந்த உயிரிழப்புகளைக் கண்டே தமிழ்நாட்டு அரசு அதன் விற்பனைக்குத் தடை விதித்தது. ஒட்டுப்பலகையில் சிக்கிய எலி பசியாலும் தாகத்தாலும் பல மணிநேரம் துடித்துச் சாவதால், இந்திய விலங்குகள் நல வாரியம் அதற்கு எதிராக அறிவுறுத்தியிருக்கிறது.

கொல்வதைவிட நுழையவிடாமல் தடுப்பதே சிறந்தது என்ற பாடத்தை இந்நகரம் நூறு ஆண்டுகளுக்கு முன்பே, மிகக் கடுமையான ஆசிரியனிடம் கற்றது. 1896-ல் பம்பாயில் தலைகாட்டிய பிளேக், 1898 ஆகஸ்டில் பெங்களூரை அடைந்து ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோயிற்று. பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் அந்நினைவைச் சுமந்து நிற்கின்றன. அதே ஆண்டில்தான் கராச்சியில் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு வைத்தியர், எலியின் மேல் வாழும் தெள்ளுப்பூச்சியே நோயைக் கடத்துகிறது என்று பரிசோதனை செய்து காட்டினார். இவ்வுண்மை ஏற்கப்பட்ட பிறகு, நெருக்கமான பேட்டைகளிலிருந்து ஜனங்களை வெளியேற்றிக் குடியமர்த்துவதற்காக, விவேக் நகருக்குச் சில மைல் வடக்கே 1906-ல் உருவாகத் தொடங்கியதே பிரேசர் டவுன். தண்டு எனப்பட்ட கண்டோன்மென்ட் பகுதியின் நகராட்சிப் பொறியாளர் ஜே. எச். ஸ்டீபன்ஸ் அங்கே அகன்ற வீதிகளையும் ஒழுங்கான சாக்கடைகளையும், எலி ஒளிந்து வாழ இடங்கொடாத வீடுகளையும் திட்டமிட்டு, பிளேக் அணுகாத நகரமைப்பைப் பற்றி ஒரு நூலே எழுதினார். தமிழ்நாட்டுத் தென்னந்தோப்புகளில் மரத்தைச் சுற்றி வழுவழுப்பான தகரப் பட்டை அடித்து எலி ஏறாமல் தடுப்பதும், துறைமுகத்தில் கப்பலின் கயிறுகளில் வட்டத் தகடுகளை மாட்டுவதும் இதே சித்தாந்தத்தின் பாற்பட்டவை. 1940-களில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் டேவிட் டேவிஸ் முதலானோர் செய்த ஆராய்ச்சியும் இதையே உறுதி செய்தது: எலிகளை எவ்வளவு கொன்றாலும் உணவும் உறைவிடமும் மிஞ்சியிருக்குமானால் அவை விரைவில் பழைய தொகையை எட்டிவிடும், அவ்விரண்டையும் குறைத்தால், கொல்லாமலே குறைந்துவிடும்.

இதைக் காருக்குப் பொருத்திப் பார்த்தால் செய்ய வேண்டியவை தாமே விளங்கும். எலி வருகிறதா, எப்பக்கமிருந்து வருகிறது என்று அறிய, இரவில் சக்கரங்களைச் சுற்றிக் கோலப்பொடியை மெல்லியதாகத் தூவி வையுங்கள்; அரிசிமாவு அன்று, கல்மாவு. காலையில் முன்காலில் நான்கு விரலும் பின்காலில் ஐந்து விரலுமாகப் பதிந்த சுவடுகள், சுவரையோ கால்வாய் ஓரத்தையோ ஒட்டி வந்திருப்பதைக் காண்பீர்கள். காற்று உறிஞ்சும் வாயையும் அடிப்புறத்துத் துவாரங்களையும் 6 மில்லிமீட்டருக்கு மேற்படாத கண்ணுள்ள எஃகு வலையால் மூடச் செய்யுங்கள். சுழலும் பெல்ட்டுக்கும் புகைக்குழாய்க்கும் அருகில் வலை படாமலும், தண்ணீர் வடியும் துளை அடைபடாமலும் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக்கைக் கொண்டே அதைச் செய்ய வேண்டும். வெளியே தெரியும் வயர்க்கற்றைக்குப் பின்னிய எஃகுக் கம்பி ஸ்லீவ் போடலாம். வெறும் பிளாஸ்டிக் ஸ்லீவ் எலிக்கு ஒரு பொருட்டன்று.

வண்டிக்குள் உண்ணும் பழக்கத்தை விட முடியாதவர்கள், அன்றன்றே துடைத்தெடுக்கும் பழக்கத்தையாவது கைக்கொள்ள வேண்டும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை வண்டியை எடுத்து ஓட்டி, முடிந்தால் நிறுத்தும் இடத்தை மாற்றி நிறுத்துவது, கூடு கட்டத் தொடங்கிய எலிக்குப் பெரும் இடைஞ்சல். பூட்டிய காம்பவுண்டுக்குள் நிறுத்துகிறவர்கள் இரவில் பானட்டைத் திறந்தே வைக்கலாம். வெளிச்சமும் காற்றும் புகும் இடம் எலிக்கு மறைவிடமாகாது. தெருவில் நிறுத்துகிறவர்களுக்கு இது உசிதமன்று. கூண்டுப் பொறி வைப்பதானால் நடுத்தரையில் வைக்காமல் சுவரோரம் வைத்து, முதல் சில நாள் கதவைச் செயலிழக்கச் செய்து, மசால்வடையோ கருவாடோ இட்டுப் பழக்கிய பிறகே பூட்ட வேண்டும். சந்தேகப் பிராணியான எலி அப்போதுதான் ஏமாறும். காலையில் யந்திரத்தை இயக்குமுன் பானட்டை இரண்டு தட்டுத் தட்டுவது நலம். குளிருக்கு ஒண்டியிருக்கும் பூனைக்குட்டி ஒன்று அதனால் பிழைக்கும்.

எலி தங்கியது உறுதியானால் அதன் எச்சத்தை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கித் தூசி கிளப்பக் கூடாது. எலியின் மூத்திரத்தின் வழியாகப் பரவும் லெப்டோஸ்பைரா என்னும் கிருமியே நம் நாட்டில் எலிக்காய்ச்சலுக்குக் காரணம். கையுறை அணிந்து, கிருமிநாசினி கலந்த நீரை முதலில் தெளித்து, சிறிது நேரம் ஊறவிட்டுப் பிறகு துணியால் துடைத்தெடுத்து, ஏ.சி. பில்டரையும் மாற்றிவிட வேண்டும். இன்ஷூரன்ஸ் விஷயத்தில், மூன்றாம் நபருக்கு மட்டுமான பாலிசி எலிக்கடிக்கு ஈடு தராது. முழுப் பாதுகாப்புப் பாலிசி உள்ளவர்கள் அதன் ஷரத்துகளை வயர் அறுபடுமுன்பே படித்து வைத்துக்கொள்வது நல்லது.

ஒருவர் தம் வண்டியை மட்டும் காத்துக்கொள்வதால் இத்தொல்லை தீர்ந்துவிடாது. வலையிட்ட காரை விட்டு எலி அடுத்த காருக்குப் போகும், அவ்வளவே. கால்வாய்ப் பலகைகளின் உடைந்த இடுக்குகளைச் சிமெண்டால் அடைக்கும்படி நகராட்சியைக் கேட்பதும், தெருமுனையில் ஈரக் குப்பையைக் கொட்டாமல் காலையில் வரும் வண்டியிலேயே சேர்ப்பதும், மாதக்கணக்கில் அசையாது நிற்கும் பழைய வண்டிகளை அகற்றச் செய்வதும் தெருவாசிகள் அனைவரும் கூடிச் செய்ய வேண்டிய காரியங்கள். கடைக்குச் சென்று எலி விரட்டும் திரவத்தை வாங்குமுன், உங்கள் வண்டி நிற்கும் இடத்துக்கு அருகில் உடைந்த பலகையும் குப்பையும் எத்தனை அடி தூரத்தில் இருக்கின்றன என்று ஒருமுறை பார்த்து வாருங்கள். செலவு செய்ய வேண்டிய இடம் எதுவென்று அப்போது தெரிந்துவிடும்.